மணல் பார்க்கப் போன தங்க மெடல்

இங்க யாரும் வரலீங்களே தம்பி? அப்பக் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேனுங்க. எனக்குச் சீட்டு இல்லாம இல்ல. இதே பெட்டிதான், நாலு தடுப்பு தள்ளி. சீட்டுல ஒரு குறையும் இல்லீங்க. எதுர் சீட்டுல இருக்கறவங்கதான் குறை. அதா, சிரிக்கற சத்தம் கேக்குதுங்களா? அந்தம்மாதான். சிரிச்சா ரயிலே குலுங்குது.

நீங்க போன்ல தமிழ்ல பேசினதைக் கேட்டுத்தான் வந்தேன். ஜெய்சல்மேர்ப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில வேலைங்களா? லீவுல ஊருக்கா? நல்லதுங்க. சென்னை போய்ச் சேர நாளைக்கு முழுப்பொழுதும் இருக்குது. மனசுல இருக்கறதை யாருகிட்டயாவது கொட்டலைன்னா எனக்குப் பிரஷர் ஏறிக்கும். கேட்டுக்கங்க. கேட்டுப்போட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

நான் தண்டபாணிங்க. ஈரோடு. கூட்டுறவு பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவன். இப்ப டேபிள் டென்னிஸ். சிரிக்காதீங்க தம்பி, அறுபத்தஞ்சுக்கு மேல போனவங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்குதுங்க. அகில இந்தியப் போட்டியே நடக்குது. நான் விளையாட்டா விளையாடற ஆளு இல்ல. காலையில அஞ்சரைக்கு கிளப்புல இருப்பேன். சக்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது. என் பேட்டுல ஒரு பக்கம் லாங் பிம்பிள் ரப்பருங்க. நீளநீளமா முள்ளாட்ட இருக்கும். எதுராளி பந்தை எந்தச் சுத்து சுத்தி அடிச்சாலும் அதுக்கு நேர் மாறாத் திரும்பிப் போகும். அந்த ரப்பரைப் பாத்தாலே பாதிப் பேரு மூஞ்சியைச் சுளிப்பாங்க. சுளிச்சுக்கட்டும். எனக்கு ஜெயிக்கணும்.

ஆனா வர்றவங்க எல்லாரும் என்னாட்டமா இருக்காங்க? விளையாட வர்றது பத்துப் பேருன்னா மிச்சமெல்லாம் டூர் கும்பலுங்க. காலையில மேட்சு, மத்தியானம் கோட்டை, சாயந்தரம் சேலைக்கடை. அந்தக் கும்பலுக்கெல்லாம் தலைமை யாருன்னா, அங்க சிரிச்சிட்டிருக்காங்களே, அந்த ரெண்டு பேருதான். தூத்துக்குடிக்காரங்க. அவரு ஞானதுரை, உப்பளத்து ஆபீஸ்ல கணக்கு வழக்குப் பாத்தவரு. அந்தம்மா லில்லிபுஷ்பம், கணக்கு டீச்சரா இருந்தது. போட்டி எங்க நடக்குதுன்னு பாக்கமாட்டாங்க தம்பி, பக்கத்துல பாலைவனம் இருக்குதான்னு பாப்பாங்க. பிகானேர்ல போட்டியா, கிளம்பு. அஜ்மீரா, கிளம்பு. துபாய்ல எதோ மூத்தோர் போட்டின்னு அங்கேயும் போயிருக்காங்க. முதல் ரவுண்டுல தோக்கறது, மிச்ச நாளெல்லாம் மணல்மேட்டுல நிக்கறது. இதான் பொழப்பு.

ஒரு நாள் கேட்டே போட்டேன். "ஏனுங்க ஞானதுரை சார், மணல்ல அப்படி என்னதானுங்க இருக்குது?"

"வயசெல்லாம் உப்பைப் பாத்தே கழிஞ்சு போச்சு அண்ணாச்சி. எங்க பாத்தாலும் வெள்ளை. இனி மஞ்சளா, செவப்பா எதையாவது பாக்கணும்லா?"

அதுக்கு ஊட்டுச் சொவத்துக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வெச்சுப் பாத்துக்கலாமில்லீங்க? நான் அப்படியே சொன்னேன். அதுக்கும் சிரிப்பு. ரெண்டு பேருக்கும் ரோசமே கிடையாதுங்க.

நான் என் சம்சாரத்தை இப்படி ஊர் ஊராக் கூட்டிட்டு அலையற ஆளு இல்ல. வள்ளிநாயகின்னு பேரு. அவளுக்கு ஊடே சொர்க்கம். மாடியில செடி இருக்குது, டிவி இருக்குது, சத்தம் போட்டுக் கூப்பிட்டா வர்ற தூரத்துல கோயில் இருக்குது. ஒரு தடவை மட்டும், "நானும் வரட்டுங்களா?"ன்னு கேட்டா. "நீ வந்து என்ன பண்ணுவே?"ன்னேன். அவளுக்கே பதில் தெரியல. பேசாம என் ஜட்டி பனியனை மடிச்சுப் பொட்டியில வெச்சா. அப்படி ஒத்துப்போற மனுசிங்க.

இந்தத் தடவை ஜோத்பூர்ல போட்டி. முதல் நாளே சிங்கிள்ஸ்ல எனக்கும் ஞானதுரைக்கும் விழுந்துச்சு. அவரு ஆடறதைப் பாக்கணுமே! பந்து ஒரு பக்கம் போகுது, பேட்டு ஒரு பக்கம் போகுது. நான் முள்ளு ரப்பர்ல லேசாத் தட்டி விட்டா, பந்து அவரு பக்கத்துல விழுந்து ரெண்டு தடவை குதிச்சதுக்கப்பறம் பேட்டை வீசறாரு. காத்துல. ஒரு செட்டு பதினொண்ணுக்கு ஒண்ணு. இன்னொண்ணு பதினொண்ணுக்கு சைபர். எனக்கே சலிச்சுப் போச்சு.

"சார், பந்து இங்க வருதுங்க. அங்க என்னத்தைத் தேடறீங்க, ஒட்டகத்தையா?"ன்னேன்.

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நல்ல ஜோக்குத்தானுங்களே? அவரும் சிரிச்சாரு. மேட்சு முடிஞ்சு கை குடுக்கறப்போ, "உங்க பந்து சத்தமே போடமாட்டேங்குது அண்ணாச்சி"ன்னாரு. தோத்தவன் பந்துமேல பழி போடறது வழக்கந்தானே, நான் கண்டுக்கல.

அன்னிக்குச் சாயந்தரம் என்னைத் தேடி வந்தாரு. என்கூட மிக்ஸட் டபுள்ஸ் ஆட வேண்டிய சேலத்து அம்மா முட்டிவலின்னு கடைசி நேரத்துல வரலை. அது அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குது.

"அண்ணாச்சி, மிக்ஸட்ல நம்ம வீட்டுக்காரிகூட நீங்க ஆடுங்க. நான் பேரை எடுத்துருதேன்."

"ஏனுங்க, நீங்க ஆடலையா?"

"அவ நல்லா ஆடுவா அண்ணாச்சி. காலேஜ்ல ஆடுனவ. எங்கூடச் சேந்துதான் இத்தனை வருஷமாத் தோத்துட்டு இருக்கா. ஒரு தடவையாவது அவ ஜெயிக்கறதை நான் பாக்கணும்."

சரி, பாவம், ஒரு வாய்ப்புக் குடுப்போம்னு ஒத்துக்கிட்டேன். என்னாட்ட ஒரு பார்ட்னர் கிடைக்க அந்தம்மா குடுத்து வெச்சிருக்கணுமில்லீங்களா?

நீங்க டபுள்ஸ் பாத்திருக்கீங்களா தம்பி? ஆளுக்கு ஒரு பந்து மாறி மாறி அடிக்கணும். நான் அடிச்சதும் விலகணும், அந்தம்மா உள்ள வரணும். முதல் மேட்சுலயே பாருங்க, எனக்கு இடமே விடமாட்டேங்குது. நான் நிக்கற இடத்துக்கே வந்து, என் கைக்கு அடியில புகுந்து அடிக்குது. "அண்ணாச்சி, அடிச்சதும் கொஞ்சம் தள்ளுங்க"ன்னு எனக்கே பாடம் வேற. நான் எதுக்குத் தள்ளணும்? என் முள்ளு ரப்பர்ல பந்து போய் அவங்க திணறி, மேலே தூக்கிக் குடுப்பாங்க. அதை இந்தம்மா ஓங்கி ஒரே அடி. பாயிண்டு யாரோடது? என்னோடதுதானுங்களே? திணற வெச்சது யாரு? ஆனா கைதட்டல் பூரா அந்தம்மாவுக்கு.

கேலரிப் படியில ஞானதுரை உக்காந்து கைதட்டறாரு. அதுவும் ஒழுங்காத் தட்டத் தெரியல. நாங்க பாயிண்டு விட்டப்போகூட ஒரு தடவை தட்டிப்போட்டாரு. எனக்கு வந்த கோவம்!

எப்படியோ ஜெயிச்சோம். அடுத்ததும் ஜெயிச்சோம். சாயந்தரம் ஆனா ரெண்டு பேரும் என் ரூம் கதவைத் தட்டுவாங்க. கோட்டை பாக்கலாம் வாங்க, நீல வீடு பாக்கலாம் வாங்க. நான் காலை நீட்டிப் படுத்து ரெஸ்ட் எடுக்கணும்னு பாத்தா விட்டாத்தானே. கோட்டைக்குப் போனா அங்க என்ன இருக்குது? செவுரு. அதுமேல ஏறி நின்னா கீழ ஊரு. ஊரு பூரா நீலம் அடிச்சு வெச்சிருக்கான். அங்க நின்னுட்டு இருக்கறப்பத்தான் ஊட்டுல இருந்து போன். "செமிபைனல் போயாச்சு"ன்னு சொன்னேன்.

"அப்படிங்களா. சந்தோசமுங்க. கோட்டை எத்தனை பெருசுங்க இருக்குது?"ங்கறா.

செமிபைனல்ங்கறேன், கோட்டை எத்தனை பெருசுன்னு கேக்கறா! "கோட்டையாட்ட இருக்குது"ன்னு சொல்லி வெக்கப் போனேன். அதுக்குள்ள இந்த லில்லி டீச்சர், "அக்காவா? குடுங்க அண்ணாச்சி"ன்னு போனைப் புடுங்கிட்டாங்க. அப்புறம் அரை மணி நேரம் பேச்சு. செவுத்துல பீரங்கி அடிச்ச தழும்பு இருக்காம், வாசல்ல சின்னச் சின்னக் கை அச்சு இருக்காம், கீழ ஒரு வீட்டு மாடியில ஒரு பொம்பளை மொளகா காயப் போட்டிருக்காளாம். நானும் அங்கதானே நின்னேன், எனக்கு அதெல்லாம் கண்ணுல படலையே. எதுக்குப் படணும்? நான் போனது விளையாட.

செமிபைனல் டெல்லிக்காரங்ககூட. கடைசி செட்டு. எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் நேரம் சரியில்லீங்க, லைட்டு கண்ணுல அடிச்சுது, வரிசையா நாலு பந்தை வலையில அடிச்சேன். யாருக்கும் நடக்கறதுதான். லில்லி டீச்சர் கோவிச்சுக்கல. துண்டை எடுத்துக் குடுத்துட்டு, "அண்ணாச்சி, நீங்க சும்மா வெச்சு மட்டும் குடுங்க, பாத்துக்கிடலாம்"னுது. நானும் பெருந்தன்மையா வெச்சு மட்டும் குடுத்தேன். மிச்சத்தை அது அடிச்சுது. அப்படித்தானுங்க நான் பைனலுக்குப் போனேன். அகில இந்திய அளவுல! இத்தனை வருசத்துல எனக்கு ஒரு வெண்கலம் உண்டு, தங்கம் கிடையாது.

இனிமேத்தான் தம்பி கேளுங்க.

வெள்ளிக்கிழமை சாயந்தரமே பைனல் நடந்திருக்கணும். சீப் கெஸ்ட் வரலைன்னு எல்லாப் பைனலையும் சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டாங்க. சரி, நல்லாத் தூங்கி எந்திரிச்சு ஆடலாம்னு நான் இருக்கறேன். இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க.

"அண்ணாச்சி, நாளைக்கு நாங்க ஜெய்சல்மேர் போறோமே"ங்கறாரு ஞானதுரை.

"போங்க. மேட்சு முடிச்சுட்டுப் போங்க."

"மேட்சு முடிச்சா அங்க போய்ச் சேர ராத்திரி ஆயிரும். ஞாயித்துக்கிழமை நமக்கு ரயிலு. செவ்வாய்க்கிழமை நான் மதுரையில இருக்கணும்."

"அடுத்த வருசம் போங்களேன்! மணல் எங்க ஓடிப் போகுது?"

அப்பத்தான் அந்தம்மா சொல்லுது: "அடுத்த வருசம் ஆகாது அண்ணாச்சி. நீங்க என்னை மன்னிக்கணும்." சொல்றப்போ என் மூஞ்சியைப் பாக்கல. ஞானதுரை சட்டென்னு, "ஏ லில்லி, நீ ஆடு. நான் டிரைவர்கூடத் தனியாப் போயிட்டு வாரேன்"னாரு. "தனியாப் போயி?"ன்னுது அந்தம்மா. அந்த ஒரு வார்த்தைதான். அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு.

எனக்கு என்ன புரியும் சொல்லுங்க? கொழுப்புன்னு நெனச்சேன். நல்லா நாலு வார்த்தை கேட்டேன். விளையாட்டுக்கு மரியாதை வேணும், கூட ஆடறவனுக்கு மரியாதை வேணும், உங்களுக்கெல்லாம் எதுக்கு பேட்டுன்னு எல்லாம் கேட்டேன். பூராவும் கேட்டுக்கிட்டு, "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி"ன்னு சொல்லுச்சு. சரின்னு சொல்லிப்போட்டு, போய்ப் பொட்டி கட்டுது!

காலையில விடிஞ்சும் விடியாம வாசல்ல கார் நிக்குது. விடுவனா? போய் நின்னு மறுபடியும் புத்தி சொன்னேன். டிரைவர் ஹாரன் அடிக்கறான். ஞானதுரை கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, "வாங்களேன் அண்ணாச்சி, முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. பேசிட்டே போகலாம்"னாரு. ஊர் எல்லைவரைக்கும் புத்தி சொல்லிட்டு எறங்கிக்கலாம்னுதான் தம்பி ஏறினேன். சாமி சத்தியமா. சொல்லிட்டே வந்தேனா, பாத்தா பாதி வழிக்கு மேல போயி பொக்ரான் தாண்டியாச்சு. அதுக்கப்புறம் எங்க எறங்கறது? பைனலுக்கு வாக்கோவர். எங்ககூட ஆட வேண்டிய ரெண்டு பேரு ஒரு பந்துகூட அடிக்காம தங்கத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க.

காருல அந்தம்மா வாயே மூடலீங்க. "இடது கைப்பக்கம் ஒரு ஒட்டகம். அதுக்குப் பின்னால குட்டி. ஒரு தாத்தா செவப்புத் தலைப்பாகை, பெருசு. இப்ப வெறும் முள்ளுச்செடி. நம்ம ஊரு உடைமரம் மாதிரியே இருக்கு." இப்படியே. ரேடியோவுல கிரிக்கெட் நேர்முக வர்ணனை மாதிரி. எனக்குத் தாங்கல.

திரும்பிக் கேட்டேன்: "ஏனுங்க டீச்சர், அவருக்கென்ன கண்ணா இல்ல? நீங்க ஒவ்வொண்ணா ஒப்பிச்சிட்டு வர்றீங்க?"

ஞானதுரைதான் பதில் சொன்னாரு. மெதுவா, என்னமோ எனக்குத்தான் ஆறுதல் சொல்ற மாதிரி.

"சக்கரை அண்ணாச்சி. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. லேசர் எல்லாம் வெச்சாச்சு. மாசாமாசம் மதுரைக்குப் போயி கண்ணுல ஊசி போடுதேன். நடுவுல ஒரு சாம்பல் திட்டு இருக்கு. ஓரத்துல தெரியுதது மட்டும்தான் இப்போ. அதுவும் எத்தனை நாளைக்குன்னு டாக்டர் சொல்லல."

"அப்ப எப்படிங்க டேபிள் டென்னிஸ் ஆடறீங்க?"

"பந்து டேபிள்ல விழுற சத்தம், எதுராளி பேட்டுல படுற சத்தம். அதை வெச்சுத்தான். எல்லார் பந்தும் சத்தம் போடும். உங்க முள்ளு ரப்பர்தான் போடாது."

பாருங்க தம்பி, இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன அரக்கனா? அப்படியே கேட்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா பதினொண்ணுக்கு சைபர் அடிச்சிருப்பனா? ஒரு அஞ்சு பாயிண்டு விட்டிருக்கமாட்டனா?"

"அதுக்குத்தான் சொல்லல அண்ணாச்சி"ன்னாரு.

இதுல என்னங்க பெருமை வேண்டிக் கெடக்குது? கண்ணு போற மனுசன் டாக்டர் ஊட்டுக்கும் கோயிலுக்கும்... அவரு சர்ச்சு, சரி, சர்ச்சுக்கும் போயிட்டுக் கம்முனு இருக்கணும். கண்ணு இருக்கற வரைக்கும் எல்லாத்தையும் பாத்துப் போடணும்னு பேட்டையும் தூக்கிட்டு, பொண்டாட்டியையும் இழுத்துட்டு ஊர் ஊரா. பேட்டு எதுக்குன்னு கேட்டேன். சும்மா டூர் போறோம்னா அவரு பாவப்பட்ட மனுசன் ஆயிருவாராம், போட்டிக்குப் போறோம்னா ஆட்டக்காரராம். அந்தம்மா சொல்லுது. என்ன நியாயமோ.

மணல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நீங்க அங்கயே வேலை பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாததா? அது ஒரு சந்தைங்க. ஒட்டகத்துக்குக் கொண்டை கட்டி விட்டிருக்கான். ஜீப்பு மணல்ல புகையைக் கக்கிட்டு ஏறுது. ஒலிபெருக்கியில பாட்டு. எங்க பாத்தாலும் பிளாஸ்டிக் பாட்டில். இதுக்காடா எம் மெடலு போச்சுன்னு எனக்கு வயிறு எரியுது. ஞானதுரை அதையெல்லாம் கேட்டுட்டு, "கொஞ்சம் தள்ளிப் போயிருவமா?"ன்னாரு. நடந்தோம். மணல்ல நடக்கறதுன்னா சும்மாவா? கால் பொதையுது. அவரு ஒரு கையில அந்தம்மாளைப் புடிச்சிருக்காரு, இன்னொரு கை எப்படியோ என் தோள்மேல வந்துருச்சு. நானாக் குடுக்கல.

சத்தமெல்லாம் அடங்கற தூரத்துல ஒரு மேட்டு உச்சியில உக்காந்தோம். அந்தம்மா என் சம்சாரத்துக்கு வீடியோ கால் போட்டுச்சு. மணலைக் காட்டறேன்னு முந்தின நாளே சொல்லி வெச்சிருந்துதாம். எனக்குத் தெரியாது. சிக்னல் இல்லாம படம் நின்னு போச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பொழுது சாயுது. லில்லி டீச்சர் சொல்ல ஆரம்பிச்சுது. "மஞ்சளா இருக்கு... இப்போ கொஞ்சம் செவப்பு வருது..." சொல்லிட்டே வந்தது, நிறுத்திருச்சு. பாத்தா வாயைக் கையால பொத்திக்கிட்டு இருக்குது. நாலு நாளா அத்தனை பேரை அடிச்சு ஓட விட்ட பொம்பளைங்க. தோள் குலுங்குது, சத்தம் வரல. ஞானதுரை அந்தப் பக்கம் திரும்பாம, "என்ன லில்லி, பொழுது போயிருச்சா?"ங்கறாரு.

அந்தம்மா என்னைப் பாத்து, சொல்லுங்கன்னு கையைக் காட்டுது.

நான் என்னத்தைச் சொல்றது? எனக்கு அதெல்லாம் வருமா? "மணலுங்க. மணலாட்ட இருக்குது"ன்னேன்.

"எந்த மாதிரி மஞ்சள் அண்ணாச்சி?"

எந்த மாதிரி மஞ்சள்னு ஈரோட்டுக்காரன்கிட்டக் கேட்டா? வாய்க்கு வந்துருச்சுங்க. "எங்கூருல மஞ்சளை வேக வெச்சுக் களத்துல காயப் போட்டிருப்பாங்க. ஏக்கர் கணக்குல. அதுமேல சாயந்தர வெயில் அடிச்சா எப்படி இருக்கும், அப்படி. ஆனா எல்லா மேடும் ஒரே மஞ்சள் இல்ல. வெயில் படற பக்கம் பாலீஷ் போட்ட மஞ்சள். இந்தப் பக்கம் பள்ளத்துல பாலீஷ் போடாதது, மண்ணோட இருக்கற மஞ்சள்."

"ம்."

"காத்து கோடு போட்டு வெச்சிருக்குது. ஈரச் சேலையைப் பிழிஞ்சு உதறிக் காயப் போட்டா ஒரு சுருக்கம் இருக்குமில்லீங்க, அந்தச் சுருக்கம். மேட்டு விளிம்புல மட்டும் மணல் பொகையாட்டக் கிளம்பிப் போகுது. பொழுது தரையைத் தொட்டிருச்சு. கண்ணு கூசல. நேருக்கு நேராப் பாக்கலாம். அடியில கொஞ்சம் நசுங்கியிருக்குது."

"நம்ம நிழல் தெரியுதா?"

திரும்பிப் பாத்தேன். "தெரியுதுங்க. பின்னாடி மேட்டுல போய் ஏறி நிக்குது. மூணு நிழலு. உங்களதுதான் நீளம்."

"எனக்கும் தெரியுது அண்ணாச்சி, ஓரத்துல"ன்னு அவரு சிரிச்சாரு. "சொல்லுங்க, சொல்லுங்க."

எத்தனை நேரம் சொன்னேன்னு தெரியல. செவப்பு போய் ஒரு மாதிரி கத்திரிப்பூ நெறம் வந்தது, அதுவும் போய்ச் சாம்பல் ஆனது, எல்லாம் சொன்னேன். சும்மா உக்காந்திருந்தா பொழுது போகணுமில்லீங்க, அதுக்காகச் சொன்னேன். வேறொண்ணும் இல்ல. அதுக்கு மேல இருட்டிருச்சு. நிறுத்தினேன்.

அப்பப் பாருங்க, அந்தம்மா கையில இருந்து ஒரு குரல். "ஏனுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? அப்புறம்?"

எங்கூட்டுக்காரி! படம்தான் நின்னிருக்குது, லைன் கட் ஆகல. பூராத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கறா. எனக்கு எப்படி இருக்கும்? "வள்ளி, நீ இன்னும் போனை வெக்கலையா?"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன்.

"கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நீங்க எனக்கு ஸ்கோருதானுங்க சொல்லியிருக்கீங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கோவமாவும் சொல்லல. அப்புறம், "டீச்சரம்மா, அழுவாதீங்க"ன்னு அந்தம்மாகிட்டப் பேசப் போயிட்டா. அழுகறது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

இதாங்க நடந்தது. ஒரு தங்க மெடலு, அகில இந்திய அளவுல, மணலைப் பாக்கப் போனதுல போச்சு. வெள்ளி மெடலைக்கூட வாங்க ஆளில்ல, நாங்கதான் மணல்ல நின்னுட்டு இருந்தமே. இதைச் சொன்னா அந்த மனுசன், "தங்கத்தைத்தான் பாத்துட்டு வந்தோமே அண்ணாச்சி"ங்கறாரு. ஆளைப் பாருங்க!

அதோட விட்டாங்களா? இப்ப அங்க எதுக்குச் சிரிப்புன்னு நெனக்கறீங்க? அடுத்த மாசம் கட்ச் பக்கம் ஒரு மூத்தோர் போட்டியாம். அங்க உப்புப் பாலைவனமாம். உப்பு பாத்துச் சலிச்சுப் போச்சுன்னு சொன்ன மனுசனேதான் போகணும்ங்கறாரு. ஏனுங்க இப்படின்னா, மஞ்சளும் செவப்பும் மங்கிட்டே வருதாம், வெள்ளைதான் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெரியும்னு டாக்டர் சொன்னாராம். என்னையும் ஆடக் கூப்பிட்டாங்க. நான் ரோசக்காரன் தம்பி. ஒரு தடவை வாக்கோவர் குடுத்தவங்ககூட மறுபடி ஆடுவனா? அதே தேதியில எனக்கு ஸ்டேட் போட்டி இருக்குது, வரமுடியாதுன்னு மூஞ்சியில அடிச்சாப்பலச் சொல்லிப்போட்டேன்.

"அப்ப அக்கா வரட்டும் அண்ணாச்சி"ன்னுது அந்தம்மா. சரி, ஊட்டுல என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன், எல்லாரும் கேக்கட்டும்னு. "ஏன் வள்ளி, கட்சுக்குக் கூப்பிடறாங்க. நான் வரமாட்டேன், எனக்குப் போட்டி இருக்குது. நீ போயி என்ன பண்ணுவே?"ன்னேன். அவளுக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதிலே தெரியாதுங்களே?

யோசிக்கக்கூட இல்ல தம்பி. "பாப்பனுங்க"ன்னா.

அப்புறம் சொல்றா: "நீங்க போய் நல்லா விளையாடிட்டு வாங்க. நாங்க மூணு பேரும் போறோம். போய்ப் பாத்துட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்றமுங்க."

கேட்டதும் ஞானதுரை கைதட்டறாரு. அந்தம்மா சிரிக்குது. டிக்கெட் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதான் எந்திரிச்சு இங்க வந்தேன்.

எனக்கு எதுக்குங்க தம்பி சொல்லணும்? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?